குத்தகையா, கிரயமா? புதிய பதிப்பகங்களும் நூல் ஒப்பந்தமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் சங்க இலக்கியமோ, பக்தி இலக்கியமோ, குறைந்தபட்சம் ஒரு நாவலாசிரியரோ தலைப்பில் இருப்பார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். ராயல்டி, ஒப்பந்தம், உரிமை என்று பேசப் போகிறேன் என்றதும் துறைத் தலைவரே சற்றுத் தயங்கினார். ஆனால் இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் அச்சுத் தொழிலில் வாழ்ந்தவர். பாரக் கணக்கும் காகித விலையும் பேசாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்திருக்காது. அவர் பெயரால் நடக்கும் பேச்சில் காசு பேசுவது மரியாதைக் குறைவு ஆகாது.

நான் வழக்கறிஞன் இல்லை. மெய்ப்புத் திருத்துபவனாகப் பதிப்பகத்துக்குள் நுழைந்து, பதிப்பாசிரியனாகி, எழுத்தாளர்கள் முன் ஒப்பந்தங்களை நீட்டுகிற மேசையில் நெடுநாள் உட்கார்ந்தவன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன். இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் முதல் நூல் போடுவீர்கள். ஆய்வேடு நூலாகும், கவிதைகள் தொகுப்பாகும். உங்களைத் தேடி வரப்போகும் பதிப்பகம் அநேகமாகப் புதியதாகத்தான் இருக்கும்.

அதற்குக் காரணம் எளிது. முன்பு ஒரு நூல் போட வேண்டுமென்றால் ஆயிரம் பிரதியாவது அச்சடிக்க வேண்டும். காகிதத்துக்கு முன்பணம், பைண்டிங், அடுக்கி வைக்க ஒரு கிடங்கு, நூலக ஆணை வரும்வரை பொறுத்திருக்க ஒரு கையிருப்பு எல்லாம் வேண்டும். இன்று ஐம்பது பிரதி அடிக்கலாம். தீர்ந்தால் இன்னும் ஐம்பது. ஒரு கணினி, ஒரு கைபேசி, அட்டை வடிவமைக்கத் தெரிந்த ஒரு நண்பர் இருந்தால் ஒருவர் பதிப்பாளர் ஆகிவிடலாம். சென்னைப் புத்தகக் காட்சியில் ஒவ்வொரு ஜனவரியிலும் நமக்குத் தெரியாத பெயர்ப் பலகைகள் முளைப்பது இதனால்தான். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். பழைய பதிப்பகங்கள் தொடத் தயங்கிய எழுத்துகளைத் தொட்டவர்கள் இவர்கள்.

புதியது என்பதே குறை ஆகாது என்பதற்கு இந்தியிலிருந்து ஒரு சான்று. வினோத் குமார் சுக்ல, ஞானபீட விருது பெற்ற எழுத்தாளர். தமக்கு வந்துகொண்டிருந்த ராயல்டி எவ்வளவு அற்பமானது என்று 2022-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்தி உலகம் சில வாரம் கொந்தளித்தது. பிறகு அவருடைய பழைய நாவல் ஒன்றை ஒப்பீட்டளவில் இளைய நிறுவனமான ஹிந்த் யுக்ம் வெளியிட்டது. 2025 செப்டம்பரில் ராய்ப்பூரில் அந்த நூலுக்காக அவர் கையில் கொடுக்கப்பட்ட ராயல்டிக் காசோலை 30 லட்சம் ரூபாய். 1990-களில் எழுதிய நாவல் அது. நூல் மாறவில்லை, எழுத்தாளர் மாறவில்லை, பதிப்பாளர் மாறினார்.

ஆகவே வயதை வைத்து எடை போடக்கூடாது. வேறு எதை வைத்துப் போடுவது? நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதிப்பகத்துக்கு வருமானம் யாரிடமிருந்து வருகிறது? வாசகரிடமிருந்தா, எழுத்தாளரிடமிருந்தா? அவர்களுடைய இணையதளத்தைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் நூல்கள் விற்பனைக்கு இருக்கின்றனவா, அல்லது ‘வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம்’ என்று எழுத்தாளருக்கு விலைப்பட்டியல் இருக்கிறதா? இரண்டாவது வகை என்றால், அச்சகத்திலிருந்து நூல் வந்த அன்றே அவர்களுடைய வியாபாரம் முடிந்துவிட்டது. அதற்குமேல் ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

இதைச் சொல்லும்போது ஒரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். கைக்காசு போட்டோ, பணம் திரட்டியோ நூல் வெளியிடுவது இழிவான காரியம் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பமிட்டுப் பணம் தந்தவர்கள் துணையோடுதான் காகிதம் வாங்கினார். சி.சு. செல்லப்பா தாமே பதிப்பாளராகிப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். பணம் நீங்கள் போட்டால் நூல் முழுக்க உங்களுடையது, அவ்வளவுதான். அச்சுச் செலவையும் உங்களிடம் வாங்கிக்கொண்டு, உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்கிறவரிடம்தான் எனக்குச் சண்டை. அந்த இடத்தில் அவர் செய்வது அச்சகச் சேவை. சேவைக்குக் கூலி உண்டு, உரிமை கிடையாது.

அடுத்து, அந்தப் பதிப்பகத்தின் நூல் மூன்றை விலை கொடுத்து வாங்குங்கள். இலவசப் பிரதி கேட்காதீர்கள். அஞ்சலில் எத்தனை நாளில் வருகிறது, எப்படிக் கட்டி அனுப்புகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். நூலைத் திறந்ததும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். நம் வாசகர்கள் யாரும் நின்று படிக்காத பக்கம் அது. முதல் பதிப்பு எந்த மாதம், எந்த ஆண்டு, எத்தனை பக்கம், விலை என்ன, அச்சிட்டவர் யார், அட்டை ஓவியம் யாருடையது என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று இருக்கிறதா, ‘உரிமை: பதிப்பகத்துக்கு’ என்று இருக்கிறதா? மூன்று நூலிலும் பதிப்பகத்துக்கு என்றே இருந்தால் உங்களிடம் நீட்டப்போகும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். ஒரு கவிதைத் தொகுப்பில் ஒற்றுப்பிழை பக்கத்துக்கு நான்கு இருந்தால், அங்கே மெய்ப்புப் பார்க்க ஆளில்லை என்று பொருள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மட்டும் தனியாக ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கிறவர்கள் உண்டு. இந்தியாவில் அந்த எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. தாமே வெளியிடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதை விலைக்கு விற்கிறவர் மற்ற கணக்குகளில் எப்படி இருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது, செலவும் இல்லாதது. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலையும் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். எழும்பூருக்குப் போய்க் கன்னிமாராவில் அந்தப் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லித் தேடுங்கள். அனுப்பாதவர்கள் ஏராளம், அதில் பெரிய பெயர்களும் உண்டு என்பது தனிக்கதை. ஆனால் தொடங்கி இரண்டே ஆண்டான ஒருவர் ஒழுங்காக நான்கு பிரதி அனுப்பியிருக்கிறார் என்றால் அவரை நான் நம்புவேன்.

அப்புறம் தொலைபேசி. அந்தப் பதிப்பகத்தின் நட்சத்திர எழுத்தாளரிடம் பேசாதீர்கள். அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நூல் போட்டு, யாரும் பேசாமல் போன ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ‘கணக்கு வந்ததா?’ என்று மட்டும் கேளுங்கள். பணம் வந்ததா என்று கேட்க வேண்டாம். பன்னிரண்டு பிரதிதான் விற்றது என்றாலும், அதை ஒரு தாளில் எழுதி அனுப்பினாரா என்பதுதான் கேள்வி.

இவ்வளவும் முன்னோட்டம். பதிப்பாளரின் உண்மையான முகம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் இளம் கவிஞர் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தார். முப்பது வயது, முதல் தொகுப்பு. பதிப்பகத்தின் பெயர் நமக்கு வேண்டாம். இரண்டே பக்கம், ஆங்கிலத்தில். மூன்றாம் பிரிவின் சாரம் இது: அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, நாடகம், திரைப்படம், இணையத் தொடர், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்கள் ஆகியவற்றில், உலகம் முழுவதற்கும், காப்புரிமைக் காலம் முழுவதற்கும், அந்த நூலின் அனைத்து உரிமைகளையும் ஆசிரியர் பதிப்பகத்துக்கு மாற்றித் தருகிறார். கைம்மாறு: பத்துப் பிரதிகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் இலக்கியப் படைப்பின் காப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டு முடிந்து இன்னும் 60 ஆண்டுகளும். அந்தக் கவிஞர் எண்பது வயது வாழ வேண்டும் என்று வாழ்த்துவோம். ஐம்பதும் அறுபதும் நூற்றுப் பத்து. நூற்றுப் பத்து ஆண்டு உரிமைக்கு விலை, 120 ரூபாய்க் கவிதைப் புத்தகம் பத்து. கேட்டவர் மோசடிக்காரர் என்று நான் நினைக்கவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு வெளிநாட்டு மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ஆனால் அறியாமையில் எழுதிய ஒப்பந்தமும் கையெழுத்தானால் கட்டுப்படுத்தும்.

தென்னந்தோப்பை வைத்திருக்கிறவருக்குக் குத்தகை எது, கிரயம் எது என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். காய் பறிக்க மூன்று ஆண்டுக்கு விடுவது வேறு, பத்திரம் எழுதிக் கொடுப்பது வேறு. எழுத்தாளரும் பதிப்பாளருக்குத் தர வேண்டியது குத்தகைதான். 1957-இல் இயற்றப்பட்டு 2012-இல் கணிசமாகத் திருத்தப்பட்ட நம் காப்புரிமைச் சட்டமும் எழுத்தாளர் பக்கம் நின்றே பேசுகிறது. நாம்தான் படிப்பதில்லை.

அதில் 19-ஆம் பிரிவை மட்டுமாவது தமிழ் எழுத்தாளர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதை அது சொல்ல வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையைப் பதிப்பாளர் ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும். 2012-க்குப் பிறகு இதே விதிகள் உரிமத்துக்கும், அதாவது நான் குத்தகை என்று சொன்னதற்கும், பொருந்தும்.

இதன் விளைவுகளை யோசித்துப் பாருங்கள். ‘வாய் வார்த்தைதான், அண்ணாச்சி நம்ம ஆள்’ என்று கொடுத்த நூல்களின் உரிமை அண்ணாச்சியிடம் போகவே இல்லை. கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று ஆண்டாக ‘அடுத்த புத்தகக் காட்சிக்கு’ என்று சொல்கிறவரிடமிருந்து நீங்கள் நூலை எடுத்துக்கொள்ள முடியும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிற ஒருவர் சென்னைப் பதிப்பகத்தோடு நிலப்பரப்பைச் சொல்லாமல் ஒப்பந்தம் போட்டிருந்தால், இலங்கையிலும் கனடாவிலும் தனிப் பதிப்புப் போடும் உரிமை அவரிடமே இருக்கிறது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் எழுத்தாளருக்கு நல்லது. நூற்றுப் பத்து ஆண்டு என்று குறிப்பிடுகிற ஒப்பந்தம்தான் ஆபத்து.

உரிமை என்பது ஒன்றல்ல, பல. இதை நமக்கு வேதனையோடு காட்டியவர் பாரதி. 1921-இல் அவர் மறைந்த பிறகு, நூல்களை அச்சிடும் உரிமை ஒரு கையிலும், பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை இன்னொரு கையிலும் போய்ச் சேர்ந்தன. இசைத்தட்டு உரிமை விற்கப்பட்ட காலத்தில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. பேசும் படம் வளர்ந்து, பாடல்கள் புகழ்பெற்றபோது, அந்த உரிமை படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது தகராறு எழுந்தது. அதன் பிறகு எழுத்தாளர்கள் கிளர்ந்தெழ, ஓமந்தூரார் அரசு 1949-இல் பாரதியின் எழுத்துகளை மக்களுக்கு உரியதாக்க முடிவெடுத்தது; மெய்யப்பர் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றை நூலாகவே எழுதியிருக்கிறார். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எல்லோருக்கும் ஓர் அரசு வந்து உரிமையை மீட்டுத் தராது.

இன்றைய இசைத்தட்டு எது என்று யாருக்குத் தெரியும்? தமிழில் கிண்டில் நூல்கள் முறையாக வந்ததே 2016-இன் இறுதியில்தான். 1995-இல் எழுதிய ஒப்பந்தத்தில் மின்னூல் என்ற சொல்லே இருக்காது. ஆனாலும் ‘எங்கள் நூல்தானே’ என்று ஏற்றிவிட்ட பதிப்பகங்கள் உண்டு. 2012 திருத்தம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: ஒப்பந்தம் எழுதும்போது இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு வடிவத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, உரிமை மாற்றம் பொருந்தாது. அந்தக் கவிஞரின் தாளில் இருந்த ‘இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்கள்’ என்ற தொடர் எந்த வடிவத்தையும் பெயர் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது என் ஐயம். ஆனால் நீதிமன்றம் வரை எந்தக் கவிஞர் போவார்? அடித்துவிட்டுக் கையெழுத்திடுவதே மேல். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிக்க நூலைத் தரும் உரிமையும் இப்போது ஒப்பந்தங்களில் எட்டிப் பார்க்கிறது. அதையும் தனியாகப் பேசுங்கள்.

ஒவ்வோர் உரிமைக்கும் நான் வைக்கும் அளவுகோல் இது: கேட்கிறவருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியுமா? ஒரு மொழிபெயர்ப்பையும் விற்றிராத பதிப்பகம் மொழிபெயர்ப்பு உரிமையைக் கேட்டால், ‘எதற்கு?’ என்று கேட்பதில் தவறில்லை. பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் 25 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஜேசிபி பரிசைப் பெற்றது. அதே ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கி, மொழிபெயர்ப்பு உரிமைகள் கைமாறவே ஒரு சந்தையை உண்டாக்கியது. முன்பு யாரும் சீண்டாத உரிமைக்கு இன்று விலை இருக்கிறது. உங்கள் பதிப்பாளர் அந்தச் சந்தையில் உங்களுக்காக ஓடியாடுவார் என்றால் வருவாயில் ஒரு பங்கு கொடுங்கள், தாராளமாக. இரண்டு ஆண்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் உரிமை உங்களிடம் திரும்பட்டும். திரைப்பட உரிமைக்கும் இதுவே.

எல்லாவற்றையும் விற்றாலும் விற்க முடியாத ஒன்று உண்டு. 57-ஆம் பிரிவின்படி, ‘இது நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமையும், படைப்பைச் சிதைத்துத் தம் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமையும், காப்புரிமையை மாற்றித் தந்த பின்னும் ஆசிரியரிடமே நிற்கும். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் நாவலைப் படமாக்கியவர்கள் மீது தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 1986-இல் இதை விரிவாக விளக்கியது.

இனி காசு. தமிழில் ராயல்டி 10 சதவீதம் என்பது பொது வழக்கு. எதில் 10 சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை. 250 ரூபாய் நூல், 300 பிரதி விற்றது என்று வையுங்கள். முக விலையில் 10 சதவீதம் என்றால் 7,500 ரூபாய். கடைக்கு 40 சதவீதக் கழிவு போகப் பதிப்பாளர் கைக்கு வந்த 150 ரூபாயில் 10 சதவீதம் என்றால் 4,500. ‘செலவு போக வரும் இலாபத்தில்’ என்றால் சுழியம். அந்தச் செலவை எழுதுகிறவர் அவர்தானே. புதிய பதிப்பாளர் சிறு முதலில் நடத்துகிறார், கைக்கு வந்ததில் பங்கு தருகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால் அதை ஏற்கலாம் என்பது என் கருத்து. அப்போது சதவீதம் 15 ஆகட்டும். நூலக ஆணைக்கு ராயல்டி எப்படி என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கடைசியாக, பிரிவது எப்படி என்ற பிரிவு. நான் எந்த ஒப்பந்தத்தையும் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். ‘நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்’ என்பது பழைய வாசகம். கேட்டால் ஒரே பிரதி அடித்துத் தரும் காலத்தில் எந்த நூலும் அச்சில் இல்லாமல் போகாது. அந்த வாசகம் செத்துவிட்டது. அதற்குப் பதில் எண் போடுங்கள்: தொடர்ந்து பன்னிரண்டு மாதத்தில் ஐம்பது பிரதிகூட விற்காவிட்டால், அல்லது கணக்கு அனுப்பாவிட்டால், ஒரு கடிதத்தில் உரிமை திரும்பும். பதிப்பகம் மூடப்பட்டால், கைமாறினால் என்ன ஆகும் என்பதும் வேண்டும். புதிய பதிப்பகங்கள் எளிதில் தொடங்குவது போலவே எளிதில் நின்றும் போகின்றன. பதிப்பாளர் ஊரைவிட்டுப் போய்விட்டார், கைபேசி எடுப்பதில்லை, உரிமை அவர் பெயரில் இருக்கிறது என்று தவிப்பவர்களை நான் அறிவேன். இந்தப் பிரிவை நீங்கள் கேட்கும்போது அவர் முகம் சுளிக்கிறாரா, ‘சரி, எழுதிவிடலாம்’ என்கிறாரா என்று பாருங்கள். அதற்குமேல் அவரைப் பற்றி விசாரிக்க அதிகம் இல்லை.

அந்தக் கவிஞரிடம் திரும்பிப் போய்ப் பேசச் சொன்னேன். அச்சும் மின்னூலும் மட்டும், ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் என்று மாற்றிக் கேட்டார். பதிப்பாளர் அன்றே ஒப்புக்கொண்டார். அவருக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தமிழில் கவிதை எழுதுகிறவர், தமிழ் நூல் போடும் பதிப்பாளரோடு, இருவருக்கும் சரியாகப் புரியாத ஆங்கிலத்தில் ஏன் ஒப்பந்தம் போட வேண்டும்? தமிழில் எழுதிய ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். இந்தத் தமிழ்த் துறையும் ஒரு சட்டக் கல்லூரியும் சேர்ந்து, நான்கு பக்கத்துக்கு மிகாமல், எந்தப் புதிய பதிப்பகமும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வெளியிட வேண்டும். அதற்கு உரிமைத்தொகை வேண்டாம். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று அதன் முதல் பக்கத்திலேயே போடுங்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் இருவர் கிடைத்தால், முதல் வரைவுக்கு நான் வந்து உட்காரத் தயார்.